ஜலதோஷம் போய்விட்டது, இருமல் மட்டும் 19 நாளாக நிற்கவில்லை

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மார்கழி பிறந்த முதல் வாரத்தில், கிறிஸ்துமஸ் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஜலதோஷம் பிடித்தது. மூக்கொழுகலும் இலேசான காய்ச்சலும் நாலைந்து நாளில் வடிந்துவிட்டன. ஆனால் அப்போது தொடங்கிய இருமல் இன்றோடு 19 நாளாகியும் விட்டபாடில்லை. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். இரவு படுத்த அரை மணி நேரத்தில் தொண்டைக்குழியில் இறகால் வருடுவதுபோல ஒரு நமைச்சல் கிளம்பி, நான் எழுந்து உட்காரும்வரை இருமல் அடுக்கடுக்காக வருகிறது. சளி அதிகமில்லை, காலையில் மட்டும் சிறிது வெள்ளையாக வரும். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இல்லை.

இந்தப் பக்கத்து மார்கழிக் காற்றைப் பற்றி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வருகிற அந்த வறண்ட காற்று இரவெல்லாம் பனையோலைகளைச் சலசலக்க வைக்கிறது; காலையில் திண்ணையைக் கூட்டினால் ஒரு முறம் புழுதி சேர்கிறது. பள்ளி திறந்ததும் சுண்ணக்கட்டித் தூளும் சேர்ந்துகொண்டது. நேற்று ஏழாம் வகுப்பில் செய்யுளைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்து இருமிவிட்டுத் திரும்பினால், முன்வரிசைப் பெண்ணொருத்தி தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மேசைமேல் வைத்திருந்தாள்.

மருந்துக் கடையில் சொல்லி வாங்கியதில் இரண்டு சிரப் புட்டிகளும், நாளொன்றுக்கு ஒன்றாக மூன்று அசித்ரோமைசின் மாத்திரைகளும் கொடுத்தார்கள். அனைத்தையும் முடித்துவிட்டேன், தூக்கம் வந்ததே தவிர இருமல் குறையவில்லை. என் மாமியார் கொல்லையிலிருந்து ஆடாதோடை இலை பறித்து, அதிமதுரம் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துத் தருகிறார்கள், தாமும் குடிக்கிறார்கள். அவர்களுக்கும் நான்கு மாதமாக வறட்டு இருமல் உண்டு. ஆனால் ஜலதோஷம் எதுவும் வரவில்லை. இத்தனை நாள் இருமல் நீடிப்பது வழக்கந்தானா, இன்னொரு புட்டி வாங்கலாமா, கஷாயத்தைத் தொடரலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வேலந்தாவளம், ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

சகோதரிக்கு வணக்கம். நாள் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஜலதோஷ இருமல் ஒரு வாரத்தில் நின்றுவிட வேண்டும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் அது சராசரியாக ஏறத்தாழ 18 நாள் நீடிப்பதாகக் கண்டிருக்கிறார்கள். சராசரியே அவ்வளவு என்றால் அதைத் தாண்டியும் பலருக்கு இழுக்கும். மூன்று வாரம் முதல் எட்டு வாரம் வரையிலான இருமலுக்கு மருத்துவத்தில் தனி வகுப்பே உண்டு, எட்டு வாரத்தைத் தாண்டியதைத்தான் நாட்பட்ட இருமல் என்பார்கள். எனவே நாள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

வைரஸ் வெளியேறிய பிறகும் அது புண்ணாக்கிவிட்டுப் போன மூச்சுக்குழாயின் உட்சவ்வு ஆறுவதற்கு வாரக்கணக்காகும். அது ஆறும்வரை அங்கேயுள்ள நரம்பு நுனிகள் தொட்டாற்சுருங்கிபோல இருக்கும். குளிர்ந்த காற்று, புழுதி, சிரிப்பு, உரத்த பேச்சு என்று எது பட்டாலும் இருமலைக் கிளப்பிவிடும். படுத்தவுடன் மூக்கின் பின்புறத்திலிருந்து சளி தொண்டைக்கு வடிவதால் இரவில் அது கூடுகிறது. இருமல் அந்தச் சவ்வை மறுபடி உரசுவதால் அடுத்த இருமலுக்கு அதுவே வழிசெய்கிறது. இந்தச் சுற்றை எங்கேயாவது அறுப்பதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை, புட்டிகளைக் கூட்டுவதில் பயனில்லை.

அந்த இரண்டு புட்டிகளின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். ஒன்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கக்கூடும். அது இருமல் உணர்ச்சியை மூளையில் அடக்குவது. மற்றதில் ஆம்ப்ராக்சாலோ குவாய்ஃபெனெசினோ இருக்கக்கூடும். அவை சளியை இளக்கி இருமி வெளியேற்றத் துணைசெய்பவை. ஒன்று இருமாதே என்கிறது, மற்றொன்று இருமித் துப்பு என்கிறது. இரண்டையும் சேர்த்து விற்பதைப் பணியில் இருந்த காலம் முழுவதும் பார்த்துச் சலித்திருக்கிறேன். உங்களுக்குத் தூக்கம் வந்தது குளோர்ஃபெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்து கலந்திருந்ததால் இருக்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், குறிப்பாகக் கண்ணழுத்தமோ சிறுநீர் தடைப்படும் தொல்லையோ உள்ளவர்கள் இருந்தால், அந்தப் புட்டியை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து, ஜலதோஷமோ வைரஸால் வருவது. கேரளத்தில் மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்று இப்போது கெடுபிடி இருக்கிறது. அந்தக் கெடுபிடி இன்னும் இறுகினால் மகிழ்வேன்.

செலவில்லாத வைத்தியம் ஒன்று சொல்கிறேன். படுக்கும்முன் ஒரு தேக்கரண்டி தேனைத் தண்ணீர் கலக்காமல் மெதுவாகச் சப்பிச் சாப்பிடுங்கள். 2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வில், இரவு இருமலுக்குத் தேன் கொடுத்த பிள்ளைகள் மருந்தே கொடுக்காத பிள்ளைகளைவிட நிம்மதியாகத் தூங்கியதாகப் பெற்றோர் சொன்னார்கள். தலைமாட்டை ஒரு தலையணை கூடுதலாக உயர்த்திக்கொள்ளுங்கள். நமைச்சல் எழும்போது உடனே இருமிவிடாமல் வாயை மூடி, எச்சிலை விழுங்கி, மூக்கு வழியாக மெல்ல நாலைந்து முறை மூச்சு விட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் அது தோற்றுப்போகும், பிறகு சிறிது சிறிதாகப் பிடிபடும்.

கஷாயத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அந்தப் புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறிக் கிடைப்பதுதான் ஆம்ப்ராக்சால். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புட்டிக்கும் மாமியாரின் கொல்லைச் செடிக்கும் அப்படி ஒரு பங்காளி உறவு இருக்கலாம். அதிமதுரத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு கேள்வி உண்டு: மாமியாருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

பதில்: வடகரப்பதி, இல்லத்தரசி

ஆசிரியை அவர்களே, ஐயா சொன்னதோடு காற்றைப் பற்றியும் சற்று யோசியுங்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமான கணவாயின் வாசலில் குடியிருக்கிறோம். திருவாதிரை நெருங்கும்போது வீசும் காற்றில் துவைத்த புடவை ஒரு மணி நேரத்தில் காய்கிறது என்றால், மூக்கும் தொண்டையும் எப்படிக் காயும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இதேபோல ஒரு மாதம் இழுத்தபோது, கிழக்குச் சன்னலுக்கு நேர்கீழே தலைவைத்துப் படுத்திருந்தேன் என்பது எனக்கே உறைக்கவில்லை. கட்டிலை மேற்குச் சுவரோரம் இழுத்துப்போட்டு, சன்னலின் கீழ்க்கதவை மட்டும் சாத்தி, கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டினேன். நான் குடித்த மருந்துகளைவிட அதுவே பலன் தந்தது என்று இன்றும் நம்புகிறேன். வாசல் கூட்டுவதற்குமுன் தண்ணீர் தெளித்துவிடுங்கள், வேலை ஓயும்வரை முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்ளுங்கள்.

கஷாயத்தைவிட ஆடாதோடையைப் பிழிந்து சாப்பிடுவதே எங்கள் வீட்டு வழக்கம். ஆடு தொடாத செடி என்பதால் வேலியோரம் அது எப்போதும் தழைத்து நிற்கும். முற்றிய இலை நான்கைப் பறித்துக் கழுவி, இட்லி வேகும்போது மேல்தட்டில் துணியோடு சேர்த்து வைத்துவிடுவேன். பச்சை நிறம் பழுப்பாக மாறி இலை துவண்டதும் எடுத்துக் கையால் முறுக்கினால் சாறு சொட்டும். பச்சை இலையை எவ்வளவு இடித்தாலும் அவ்வளவு சாறு வராது. ஒரு தேக்கரண்டிச் சாற்றில் இரண்டு மிளகைப் பொடித்துப் போட்டுத் தேன் குழைத்து, காலையில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவோம். கசப்பு நாக்கைவிட்டுப் போக ஒரு துண்டு கருப்பட்டி வேண்டும். இங்கே பனைக்குப் பஞ்சமில்லை, கலப்படமில்லாத கருப்பட்டி கிடைப்பதற்குத்தான் இப்போது பஞ்சம். கருவுற்றிருப்பவர்களுக்கு ஆடாதோடையைக் கொடுக்கவே கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று என் பாட்டி காலத்திலிருந்தே விலக்கு.

ஆவி பிடிப்பதைப் பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது மூக்கைத் திறந்துவிடும், இருமலை நிறுத்தியதில்லை. என் அக்காள் மகன் மடியில் சட்டியை வைத்துப் போர்வைக்குள் குனிந்தபோது கவிழ்த்துக்கொண்டு தொடையெல்லாம் வெந்துபோய், பதினைந்து நாள் படுத்துக் கிடந்தான். பிடிப்பதானால் சட்டியை மேசைமேல் வைத்துப் பெரியவர்கள் மட்டும் பிடியுங்கள்.

பதில்: கோவிந்தாபுரம், வாகன ஓட்டுநர்

மேலே இருவரும் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் 19 நாள் என்று படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தகப்பனாருக்கும் ஒரு தை மாதத்தில் சளிபிடித்த பிறகுதான் இருமல் தொடங்கியது. காற்று மாறினால் போய்விடும் என்று மாசி வரை காத்திருந்தோம், பங்குனியில் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோதுதான் விழித்துக்கொண்டோம். காசநோய் என்று தெரிந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். அந்த இரண்டு மாதத்தில் என் தங்கை பிள்ளைகளோடு ஒரே அறையில் அவர் படுத்திருந்ததை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது. நம் நாட்டில் இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசின் விதி. பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் உறுதியானால் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக வங்கிக் கணக்கில் வந்த தொகை 2024 நவம்பர் முதல் 1000 ஆகியிருக்கிறது. ஐயா, 18 நாள் சராசரி என்று நீங்கள் சொல்வதைப் படித்துவிட்டு யாராவது சும்மா இருந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: வேலந்தாவளம், ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

தம்பி கேட்டது நியாயம், நான் அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டு கணக்கும் உண்மைதான். 18 நாள் என்பது சாதாரண ஜலதோஷ இருமலின் போக்கு. இரண்டு வாரம் என்பது, காசநோய் பரவலாக உள்ள நாட்டில் ஒருவரையும் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த எல்லை. அந்த எல்லையைத் தாண்டிப் பரிசோதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் இருக்காது. இருந்தாலும் சளியைக் கொடுத்துவிட்டு வருவதில் ஒரு காலைப்பொழுதைத் தவிர இழப்பதற்கு ஒன்றுமில்லை. சகோதரி நாளையே குடும்ப ஆரோக்கியக் கேந்திரத்துக்குப் போகட்டும், மாமியாரையும் அழைத்துப் போகட்டும். நான்கு மாத இருமலை நாம் இங்கே பேசித் தீர்க்கக் கூடாது. சளியில் இரத்தம், விட்ட காய்ச்சல் திரும்புதல், நடந்தால் மூச்சு வாங்குதல், இரவில் ஆடை நனையும் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நாளை என்று தள்ளாமல் அன்றே போக வேண்டும். இரவில் மட்டும் வீசிங் சத்தத்தோடு வருமானால் அது ஆஸ்துமாவின் முகமாகவும் இருக்கலாம், அதற்கு இழுக்கும் மருந்தே வழி.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. சென்ற ஆவணியில் மாத்திரையை மாற்றினார்கள், அட்டையில் ராமிப்ரில் 5 என்று இருக்கிறது. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: என் நாத்தனார் எட்டு மாதக் குழந்தையோடு பொங்கலுக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு இன்று காலையிலிருந்து சிறிது இருமல். மாமியார் விரலில் தேன் தொட்டு நாக்கில் தடவத் தயாராக நிற்கிறார்கள்; என்னிடம் மிஞ்சிய சிரப்பில் அரை மூடி கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். உங்கள் பதிலுக்காகக் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறேன்.

பதில்: வேலந்தாவளம், ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

நல்ல வேளை, கையைப் பிடித்தீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதைகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, குழந்தையின் தசைகளை முடக்கிவிடும். பெரியவர்களின் குடல் அந்த விதைகளை முளைக்க விடாது என்பதால்தான் நமக்குத் தேன் மருந்தாகிறது. சிரப்பும் கூடாது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்ததைப் படித்திருப்பீர்கள். அதையொட்டி ஒன்றிய அரசு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக அது தேவையில்லை என்றும் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நஞ்சில்லாத சிரப்பானாலும் அந்த வயதில் பயன் சொற்பம், பக்கவிளைவோ மிகுதி. தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள், மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். குழந்தை வேகமாக மூச்சுவிட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாமியாரின் ராமிப்ரில்தான் நான் தேடிய பதில் என்று தோன்றுகிறது. அந்த வகை மாத்திரை, உடலில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியையும் தடுத்துவிடுகிறது. சிதையாத பிராடிகைனின் மூச்சுக்குழாயில் தேங்கி இருமலைத் தூண்டுகிறது. சாப்பிடுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக, இந்த வறட்டு இருமல் வரும்; மாத்திரை தொடங்கிச் சில வாரமோ மாதமோ கழித்து வருவதால் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. எத்தனை கஷாயம் குடித்தாலும் அந்த மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை இருமல் நிற்காது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை அவர்களே நிறுத்திவிடக் கூடாது, அழுத்தம் எகிறிவிடும். மருத்துவரிடம் அட்டையைக் காட்டி இருமலைச் சொன்னால், லோசார்ட்டனோ டெல்மிசார்ட்டனோ போன்ற வேறு வகைக்கு மாற்றித் தருவார். மாற்றிய பிறகும் இருமல் அடங்க ஒன்று முதல் நான்கு வாரம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதிமதுரத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தொடர்ந்து குடித்தால் அது உப்பை உடலில் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். மாத்திரை ஒரு பக்கம் இறக்க, கஷாயம் மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

தை பிறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கேந்திரத்தில் இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு டப்பாக்கள் கொடுத்து, ஒன்றை அங்கேயே நிரப்பச் சொல்லி, மற்றதை மறுநாள் விடிகாலைச் சளியோடு கொண்டுவரச் சொன்னார்கள். எனக்கு வரவேண்டிய சளி வராமல் நான் வேப்பமரத்தடியில் நின்று பட்ட பாட்டைப் பார்த்து ஆஷா பணியாளர் சிரித்துவிட்டார். இருவருக்கும் காசநோய் இல்லை என்று முடிவு வந்தது. மாமியாரின் நெஞ்சுப் படமும் சரியாக இருந்ததால் மாத்திரையை டெல்மிசார்ட்டனாக மாற்றினார்கள். பத்தாம் நாளிலிருந்து குறையத் தொடங்கி இப்போது நாளுக்கு இரண்டு முறை செருமுவதோடு சரி. குழந்தை இரண்டே நாளில் தெளிந்துவிட்டது.

நான் கட்டிலை இடம் மாற்றினேன், தேன் சாப்பிட்டேன், கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கப் பிள்ளைகளைப் பழக்கினேன். எதனால் நின்றது, எந்த நாளில் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் காலையில்தான் இரவு முழுக்க எழவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. மாமியார் அதிமதுரத்தை விட்டுவிட்டார்கள். ஆடாதோடையைக் குறை சொல்ல மட்டும் இடம் கொடுப்பதில்லை: அது வேலை செய்ததை மாத்திரை கெடுத்துக்கொண்டிருந்தது என்பதுதான் அவர்கள் கட்சி, வேலியோரம் இன்னும் இரண்டு கிளை நட்டிருக்கிறார்கள்.